ஆனைக்கரட்டில் யாரும் இல்லை

அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். நான் அரசனும் இல்லை, தெய்வமும் இல்லை. கீரியாற்று வட்டார மன்றத்தில் நான்காம் காற்றுமடைக்கு மடைக்காரி. எனக்குப் பதினொரு வருடம் பிடித்தது.

வயலுக்குத் தண்ணீர் திருப்புகிற மடை எல்லோருக்கும் தெரியும். காற்றுக்கு எதற்கு மடை என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் பள்ளத்தாக்கு ஒரு வடைச்சட்டி. நடுவில் ஆறு, ஆற்றோரம் நூற்றுக்கணக்கான வார்ப்படப் பட்டறைகளும் சாயப்பட்டறைகளும். ஆடிக்காற்று அடிக்கும் மாதங்களில் புகை தன் பாட்டுக்குப் போய்விடும். ஐப்பசி பிறந்து குளிர் இறங்கிவிட்டால், மேலே மூடி போட்ட மாதிரி ஆகி, புகை சட்டிக்குள்ளேயே நிற்கும். பட்டறைகளை மூடினால் சோறு இல்லை. மூடாவிட்டால் மூச்சு இல்லை. அதற்கு மன்றம் கண்டுபிடித்த வழிதான் காற்றுமடை. மலை இடுக்குகளில் பனைமர உயரத்துக்கு வரிசை வரிசையாக விசிறிகளை நட்டார்கள். அவற்றைக் கொண்டு மொத்தப் புகையையும் ஒதுக்கி, ஏதாவது ஓர் ஊரின்மேல் நிறுத்திவிடலாம். மற்ற ஏழு ஊரும் அன்றைக்கு நிம்மதியாக மூச்சு விடும். மறுநாள் அடுத்த ஊர். வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைக்கிற மாதிரி, இது புகை முறை.

முறை வருகிற ஊரைச் சும்மா விடுவதில்லை. அன்றைக்கு அந்த ஊருக்கு மட்டும் இரண்டு பங்கு நன்னீர் திறப்பார்கள். மன்றத்தில் காற்று மேசை, நீர் மேசை, நில மேசை என்று மூன்று பிரிவுகள் உண்டு. மூச்சைக் கொடுத்துத் தண்ணீர் வாங்கலாம், தண்ணீரைக் கொடுத்து நிலம் வாங்கலாம் என்று மூன்றையும் ஒன்றுக்கொன்று மாற்ற வைத்ததுதான் மன்றத்தின் பெரிய சாதனை. மூன்று மேசை, ஒரே நாற்காலி என்று எங்கள் ஊரில் கேலி பேசுவார்கள். அந்த நாற்காலியில் அப்போது உட்கார்ந்திருந்தவர் தெய்வசிகாமணி. பெயருக்குக் காற்று மேசையின் தலைவர். அவர் தும்மினால் மற்ற இரண்டு மேசைக்கும் சளி பிடிக்கும்.

என் ஊர் பாறைக்காடு. எட்டு ஊரில் கிணறு முழுக்க வற்றிப்போன ஊர் அது ஒன்றுதான். தெய்வசிகாமணியின் ஊர் ராசாப்புதூர். எட்டு ஊரில் பணக்கார ஊர் அது. புகை முறையை மாற்றிக்கொள்ளவும் வழி உண்டு. ஒரு வீட்டில் நல்லது கெட்டது என்றால், அந்த ஊர் தன் முறையை வேறு நாளுக்குத் தள்ளலாம். அல்லது வேறோர் ஊர் அதை ஏற்றுக்கொள்ளலாம். கல்யாணத்துக்கு என்று கேட்டால் மாட்டேன் என்று யாரும் சொல்வதில்லை. அது இந்தப் பக்கத்து மரியாதை. புதூரில் எப்போதும் யாருக்காவது கல்யாணம், பாறைக்காட்டில் எப்போதும் தாகம். ஆகவே புதூரின் முறையைப் பாறைக்காடு வாங்கிக்கொள்ளும். நாங்கள் அதைப் பெருமையாகக்கூட நினைத்தோம் என்று சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது.

ஓர் ஊரின்மேல் மூன்று நாளுக்கு மேல் புகையை நிறுத்தக்கூடாது என்று அப்போது விதி இருந்தது. பதினொரு வருடத்துக்கு முன், கார்த்திகையில், தெய்வசிகாமணியின் மகனுக்குக் கல்யாணம். பந்தக்கால் நட்டதிலிருந்து மறுவீடு முடியும்வரை ஒன்பது நாள். அந்த ஒன்பது நாளும் புகை பாறைக்காட்டின்மேல் நின்றது. காற்று மேசையில் கையெழுத்துப் போட்டவர் மாப்பிள்ளையின் அப்பா.

என் வீட்டுக்காரர் மயில்சாமி எங்கள் ஊர்த் தண்ணீர்த் தொட்டிக்கு டேங்க் ஆபரேட்டர். புகை நாளில்தான் கூடுதல் தண்ணீர் வரும் என்பதால், எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிற நாளில் அவர் மட்டும் தெருத்தெருவாகப் போய் வால்வு திறக்க வேண்டும். ஐந்தாம் நாளே வேண்டாம் என்று சொன்னேன். தண்ணி வந்து தேங்கி நிக்குது, தொறக்காம உட்டா ஊரு என்னைக் கொன்னுபோடும் என்றார். ஒன்பதாம் நாள் மாரியம்மன் கோயில் தெரு வால்வுப் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழவில்லை. வால்வுச் சாவியை அவர் கையிலிருந்து பிரித்தெடுக்க இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். அந்த ஒன்பது நாளும் நானும் குடம் குடமாகப் பிடித்து வைத்தேன். சாவுக்கு வந்தவர்களுக்கு அந்தத் தண்ணீரில்தான் காப்பி வைத்தார்கள்.

விசாரணை நடந்தது. நடந்து முடிந்தபோது, மூன்று நாள் விதியே இல்லாமல் போயிருந்தது. ஊர் எழுதிச் சம்மதித்தால் எத்தனை நாள் வேண்டுமானாலும் புகையை நிறுத்தலாம் என்று ஒரு புது உத்தரவு வந்தது. அதன் தேதி கல்யாணத்துக்கு ஒரு வாரம் முந்தையதாக இருந்தது. பணியில் இறந்தவரின் மனைவி என்று எனக்குக் கருணை வேலையும் கொடுத்தார்கள். ஆணையைத் தெய்வசிகாமணி தன் கையாலேயே கொடுத்து, தைரியமாக இருக்கச் சொன்னார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். வாங்கும்போதே, இந்த வேலையை வைத்துத்தான் இந்த மனிதனின் ஊரின்மேல் ஒன்பது நாள் புகையை நிறுத்துவது என்று முடிவு செய்துவிட்டேன்.

பொறுத்தார் பூமி ஆள்வார் என்று என் தம்பி ஆறுதல் சொன்னான். பூமியை யார் கேட்டது?

மடைக்கு மேலே மலை இடுக்கில் எனக்கு ஒரு குடியிருப்பு கொடுத்தார்கள். பாறைக்காட்டுக்குப் போவதைக் குறைத்தேன். போனால் அந்த வால்வைத் தாண்டித்தான் போக வேண்டும். பிறகு போவதையே விட்டுவிட்டேன். மன்றத்தின் விதிப்புத்தகத்தை மட்டும் படித்தேன். நூற்று எழுபது விதிகள். எதைக் கேட்டாலும் தூக்கத்தில்கூடச் சொல்வேன். ஆனால் விதியில் இல்லாத ஒன்றில்தான் எனக்கு வழி கிடைத்தது. மார்கழியில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை.

யோசித்துப் பாருங்கள். ஐப்பசிக் கல்யாணத்துக்காக முறையைத் தள்ளுகிறவர்கள் எங்கே தள்ளுவார்கள்? கார்த்திகைக்கு. கார்த்திகையிலும் கல்யாணம். அங்கிருந்து? மார்கழிக்கு. மார்கழியில் கல்யாணம் என்ற சாக்கே கிடையாது; யாரிடமும் தள்ள முடியாது. அதோடு, வருடத்திலேயே காற்று அசையாமல் புகை கனமாக இறங்குவதும் மார்கழியில்தான். புதூர்க்காரர்கள் தங்கள் முறையைத் தாங்களே மார்கழியில் கொண்டுவந்து குவிக்க வேண்டும். நான் செய்ய வேண்டியதெல்லாம் சிரித்த முகத்தோடு சரி என்று சொல்வதுதான்.

முதல் சில வருடங்கள் அவர்கள் வழக்கம்போலப் பாறைக்காட்டுக்கே முறையைக் கொடுத்தார்கள். நீர் மேசை பாறைக்காட்டுக்கு ஒரு குழாய் போட்ட பிறகு அந்த ஊர் வாங்குவதை நிறுத்தியது. அதிலிருந்து புதூருக்குத் தள்ளிப்போடுவது ஒன்றுதான் வழி. இந்த வருடம் ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அங்கே ஐந்து கல்யாணம். ஒவ்வொன்றுக்கும் சரி என்றேன். தை மாதத்தில் மூன்று கல்யாணம் இருப்பதைக் கேள்விப்பட்டு, அந்த முறைகளையும் முன்கூட்டி மார்கழியிலேயே முடித்துக்கொள்ளலாமே என்று நானே சொல்லி அனுப்பினேன். தயங்குவார்கள் என்று நினைத்தேன். மறுநாளே சம்மதக் கடிதம் வந்தது. தள்ளிய முறை எட்டு, மார்கழியின் சொந்த முறை ஒன்று, ஆக மார்கழியில் தொடர்ந்து ஒன்பது நாள். ஊர் சார்பில் கையெழுத்து, தெய்வசிகாமணி. காற்று மேசையிலிருந்து ஓய்வு பெற்று இப்போது நில மேசைக்கு ஆலோசகராக இருந்தார். எழுபது வயது, இரண்டு தரம் நெஞ்சுவலி வந்த ஆள். அந்தக் கடிதத்தை எத்தனை தரம் படித்தேன் என்று எனக்கே தெரியாது.

முதல் நாள் காலையில் விசிறிகளைத் திருப்பினேன். காய்ச்சின பாலில் ஆடை படிகிற மாதிரி, புகை மெதுவாக ராசாப்புதூரின்மேல் படிந்தது. கோபுரம் மறைந்தது, மாடி வீடுகள் மறைந்தன, கடைசியில் தென்னந்தலைகளும் மறைந்தன. எனக்கு என்ன தோன்றியது என்று மறைக்கப்போவதில்லை. பசித்தது. பதினொரு வருடமாக அப்படிப் பசித்ததில்லை. வெல்லம் கரைத்துக் கச்சாயம் சுட்டுச் சாப்பிட்டேன். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் வேலை முடிந்தபிறகு நாற்காலியை வெளியே போட்டு உட்கார்ந்து அந்த ஊரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் பதினோரு மணிவாக்கில் ஒருத்தி மலைப்பாதையில் ஏறி வந்தாள். மூக்கிலும் வாயிலும் ஈரத்துணி, கண் இரண்டும் மிளகாய்ப் பழமாகச் சிவந்திருந்தன. துணியை அவிழ்த்த பிறகுதான் தெரிந்தது, மரகதம். மயில்சாமியின் தங்கை; அண்ணன் மனைவி என்று என்னை நங்கையா என்பாள். பார்த்து நான்கு வருடம் இருக்கும். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, இதை எப்போது நிறுத்துவீர்கள் என்று கேட்டாள். இன்னும் ஐந்து நாள் இருக்கிறது, நிறுத்துவதற்கா இத்தனை வருடம் உட்கார்ந்திருந்தேன், உன் அண்ணனுக்காகத்தானே செய்கிறேன் என்றேன். அவள் என்னைப் பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள்.

"நங்கையா, புதூர்ல ஆரு இருக்கறாங்கன்னு நெனச்சுட்டு இருக்கறீங்க?"

அவளே தொடர்ந்தாள்.

"மொத நாள் வெடியறதுக்குள்ள அத்தன பேரும் காருல போயிட்டாங்க. நாயக்கூட உட்டுட்டுப் போகல. நாங்க நாப்பத்தாறு பேருதான் இருக்கறோம். ஊட்டப் பாத்துக்கோணும், மாட்டுக்குத் தீவனம் வெக்கோணும், புல்லுக்குத் தண்ணி உடோணும். ரெண்டு பங்கு தண்ணி வருதில்லீங்க, அதைத் தொறந்து உடறதுக்கு ஆளு வேணுமில்ல. என்ற ஊட்டுக்காரருதான் வால்வு தொறக்கறாரு. நாப்பத்தாறு பேரும் நம்ம பாறைக்காட்டாளுங்க."

பாறைக்காட்டுக்குக் குழாய் வந்ததே, அது எதற்குப் பதிலாக வந்தது என்று நான் கேட்டதில்லை. மரகதம் சொன்னாள். நிலத்துக்குப் பதிலாக. தண்ணீர் கொடுத்து நில மேசை எங்கள் ஊர் மானாவாரிக் காடுகளை எடுத்துக்கொண்டது. உழ நிலம் இல்லாதவர்கள் புதூர் வீடுகளில் காவலுக்கும் தோட்டத்துக்கும் போனார்கள். நான் மலைமேல் உட்கார்ந்து விதிப்புத்தகம் படித்துக்கொண்டிருந்த காலத்தில் என் ஊர் இடம் மாறிப் போயிருக்கிறது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பினால்கூடப் பரவாயில்லை. எனக்குக் கிளம்பியது என் சொந்த ஜனம்.

அவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டேன். மரகதம் என் முதுகுக்குப் பின்னால் கை காட்டினாள். ஆனைக்கரடு. மடை இருக்கும் இடுக்குக்கு நேர் பின்னால், உச்சிக்கு அந்தப்பக்கம் இருக்கிற காட்டுக் குன்று. அங்கே நான் விளக்கு வெளிச்சம் பார்த்திருக்கிறேன். நில மேசையின் நாற்றுப்பண்ணை என்று சொல்லியிருந்தார்கள்; நம்பினேன். நாற்றும் இல்லை, பண்ணையும் இல்லை, இருபத்திமூன்று பங்களாக்கள் என்றாள் மரகதம். புகைக்கு மேலே, சுத்தமான காற்றில். வேலைக்காரர்களை அங்கே கூட்டிப்போவதில்லையாம்; ஆள் நடமாட்டம் அதிகமானால் வெளியே தெரிந்துவிடும் என்று சொந்தக் கையால் சமைத்துச் சாப்பிடுகிறார்களாம்.

தெய்வசிகாமணிக்குப் போன் போட்டேன். மடையிலிருந்து பேசுகிறேன், ஊரில் ஆட்கள் தவிக்கிறார்கள், மிச்ச நாளை மாற்றி வைக்கட்டுமா என்று மரியாதையாகவே கேட்டேன். அவர் குரலில் காலைக் காப்பி குடித்த தெம்பு இருந்தது.

"வேண்டாம் அம்மிணி, ஒம்போதையும் ஒரேயடியா முடிச்சிருங்க. நல்ல யோசனை சொன்னீங்க. ஒரு பத்து நாளு ஒதுங்கி இருந்தாப் போதும், சீசன் பூரா எங்களுக்குத் தொந்தரவு இல்ல. அடுத்த வருசமும் இப்படியே வெச்சுக்கலாம்."

பதினொரு வருடமாக நான் வலை பின்னியதாக நினைத்தேன். அந்த ஆள் அதை ஊஞ்சலாகக் கட்டி ஆடிக்கொண்டிருக்கிறார். எனக்கு வாய் பொறுக்கவில்லை. பாறைக்காட்டு மயில்சாமியின் சம்சாரம் பேசுகிறேன் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். அவர் நடிக்கவில்லை, உண்மையாகவே யோசித்தார்.

"எந்த மயில்சாமி?" என்று கேட்டார்.

போனை வைத்துவிட்டேன். கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. அடுப்பிலிருந்து இறக்கி வைத்த இரும்பு மாதிரி உள்ளே என்னவோ கெட்டியாகிக்கொண்டு வந்தது.

மற்ற ஏழு ஊர்த் தலைவர்களையும் கூப்பிட்டேன். மார்கழிப் புகையை எவன் வாங்குவான்? ஒருவர்கூட இசையவில்லை. விசிறிகளை நிறுத்திவிடலாம்; ஆனால் நிறுத்தினால் புகை எட்டு ஊரிலும் பரவும், ஒரு மணி நேரத்தில் என்னை வேலையை விட்டுத் தூக்கிவிட்டு வேறு ஆளைப் போட்டு, மறுபடி புதூர்மேலேயே திருப்பிவிடுவார்கள். மரகதம் இடுப்பிலிருந்து ஒரு ஆக்ஸிமீட்டரை எடுத்து மேசைமேல் வைத்தாள். காலையில் அவள் வீட்டுக்காரருக்கு எண்பத்தொன்று காட்டியதாம். இன்றைக்கும் வால்வு திறக்கப் போயிருக்கிறார் என்றாள்.

எண்பத்தொன்று என்றதும் எனக்கு நூற்றுப்பன்னிரண்டாம் விதி ஞாபகம் வந்தது. முறை நடக்கும் ஊரில் யாருக்காவது மூச்சளவு எண்பத்தைந்துக்குக் கீழே போனால், எந்த ஊரின் சம்மதமும் இல்லாமல் மடைக்காரர் புகையை ஆளில்லா நிலத்துக்குத் திருப்பலாம். அதற்கு நிபந்தனை உண்டு. அந்த நிலத்துக்குப் பொறுப்பான நில மேசை அலுவலரைப் பதிவுப் போனில் கூப்பிட்டு, அங்கே மனிதர் யாரும் இருக்கிறார்களா என்று கேட்டுப் பதில் வாங்க வேண்டும். யாருமே அந்த விதியைப் பயன்படுத்தியதில்லை. எங்கள் பள்ளத்தாக்கில் ஆளில்லாத நிலம் ஏது?

நில மேசையின் வரைபடத்தை விரித்தேன். ஆனைக்கரடு: வனம். ஆளில்லா நிலம். பொறுப்பு: ஆலோசகர் தெய்வசிகாமணி.

ஏன் அப்படி எழுதிக்கொண்டார்கள் என்று மரகதத்துக்குப் புரியவில்லை. சொன்னேன். ஓர் இடத்தில் ஆள் இருந்தால் அந்த இடத்துக்கும் புகை முறை உண்டு. ஆள் இல்லை என்றால் முறை இல்லை. புகையிலிருந்து தப்புவதற்காகத்தான் தாங்கள் இல்லை என்று தாங்களே எழுதிக்கொண்டார்கள். மடையைப் பின்பக்கம் திருப்பிப் போட்டால், மொத்தப் புகையும் இந்த இடுக்கு வழியாக ஏறி நேராகக் கரட்டில் விழும்.

அங்கே குழந்தைகளும் இருக்கிறார்கள் நங்கையா என்றாள் மரகதம். தெரியும் என்றேன்.

பதிவுப் போனை எடுத்தேன். அதில் பேசினால் ஒவ்வொரு சொல்லும் மன்றத்தில் ஏறிவிடும், அழிக்க முடியாது. விதி எண்ணைச் சொல்லி, மூச்சளவைச் சொல்லி, ஆனைக்கரட்டில் மனிதர் யாரேனும் இருக்கிறார்களா என்று புத்தகத் தமிழில் கேட்டேன். மறுமுனையில் முதலில் ஒரு சின்னச் சிரிப்பு வந்தது, பாதியில் நின்றது. பின்னால் ஒரு பெண் குழந்தை எதையோ கேட்டு அடம்பிடிக்கும் சத்தம். யாரோ அதன் வாயைப் பொத்தினார்கள்.

இருக்கிறார்கள் என்று சொன்னால் அந்தக் கணமே அங்கே இருபத்திமூன்று வீடு இருப்பது பதிவாகும். வனத்தில் கட்டியது என்று அத்தனையும் இடிபடும், நில மேசையில் பாதிப் பேர் உள்ளே போவார்கள், முதல் ஆளாக இவர். இல்லை என்று சொன்னால் புகை வரும். எந்தப் பக்கம் விழுந்தாலும் எனக்குச் சம்மதம். வாழ்க்கையில் அப்படி ஒரு சுகம் எனக்கு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைக்கவில்லை.

"மனிதர் யாரும் இல்லை," என்றார். கொஞ்சம் பொறுத்து, "காட்டு மிருகங்கள் இருக்கும். அவை இறங்கிப்போக ஒரு மணி நேரம் கொடுக்க வேண்டும்," என்றார்.

கொடுத்தேன். பாவம், மிருகங்கள்.

கரட்டிலிருந்து கீழே போகக் குறுக்குவழி என் மடையைத் தாண்டித்தான். எப்போதும் பூட்டியிருக்கும் தடுப்புக் கம்பத்தை நானே தூக்கிவிட்டேன். பத்து நிமிடத்தில் முதல் கார் வந்தது. அப்புறம் வரிசையாக வந்தன. கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தது. யாரும் என் பக்கம் திரும்பவில்லை. மடியில் குழந்தைகளையும் நகைப்பெட்டியையும் நாயையும் வைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி போனார்கள். கடைசியாக வந்த வண்டி நின்றது. ஓட்டி வந்தவள் தெய்வசிகாமணியின் மருமகள். பதினொரு வருடத்துக்கு முன் எந்தக் கல்யாணத்துக்காக என் ஊரில் புகை நின்றதோ அந்தக் கல்யாணத்துப் பெண். பின்சீட்டில் பூப்போட்ட முகமூடி மாட்டிய ஏழு வயதுப் பிள்ளை. கண்ணாடியை நான்கு விரற்கடை இறக்கினாள்.

"அக்கா, மாமா வரமாட்டேங்கறாரு. பொகை வராத ஏர் ரூம்ல இருந்துக்கறேங்கறாரு. அந்த ரூம் பாதிதான் கட்டியிருக்குது, கதவே இன்னும் போடலீங்க."

ஏன் வரவில்லை என்று கேட்டேன். வீட்டைத் திறந்து போட்டுவிட்டு வந்தால் ஆட்கள் ஏறி அள்ளிக்கொண்டு போவார்கள், புகார்கூடக் கொடுக்க முடியாது, காகிதத்தில் வீடே இல்லையே என்கிறாராம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, மேசையிலிருந்து ஒரு தாளையும் பேனாவையும் எடுத்து அந்த இடைவெளி வழியாக நீட்டினேன்.

"உங்க மாமனாரு கரட்டுல இருக்கறாருன்னு இதுல எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நான் மடையத் தொடமாட்டேன்."

அவள் தாளைப் பார்த்தாள். பின்சீட்டில் இருந்த பிள்ளையைத் திரும்பிப் பார்த்தாள். கரட்டுப் பக்கம் ஒரு தரம் பார்த்தாள். பிறகு கண்ணாடியை மெதுவாக ஏற்றினாள். நான் கையை இழுத்துக்கொண்டேன். வண்டி வளைவில் இறங்கிப் போயிற்று.

ஒரு மணி நேரம் முடிந்தது. மடையைப் பின்பக்கம் திருப்பினால் புகை என் அறையைத் தாண்டித்தான் போகும். மரகதத்துக்கு ஒரு முகமூடி கொடுத்து நானும் ஒன்று மாட்டிக்கொண்டேன். அவள் சுவரோரம் உட்கார்ந்து, செய்யுங்கள் என்றும் சொல்லாமல், வேண்டாம் என்றும் சொல்லாமல், அந்த ஆக்ஸிமீட்டரை உள்ளங்கையில் வைத்து மூடி மூடித் திறந்துகொண்டிருந்தாள்.

விசிறிகளைத் திருப்பும் கைப்பிடியைத் தொடும் முன் கடைசியாக ஒரு தரம் கேட்க வேண்டும் என்பது விதி. பதிவுப் போனில் கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

"ஆனைக்கரட்டில் மனிதர் யாரேனும் இருக்கிறார்களா?"

அவர் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. எங்கோ ஒரு கடிகாரம் ஓடுகிற சத்தமும் கேட்டது. ஆளில்லாத வனத்தில் கடிகாரம்.

"யாரும் இல்லை," என்றார்.

விதியில் இல்லாத ஒன்றைச் செய்தேன். முகமூடியைக் கொஞ்சம் இறக்கிவிட்டு, இன்னொரு தரம் கேட்டேன். இந்தத் தரம் எங்கள் பேச்சில் கேட்டேன்.

"அய்யா, அங்க ஆராச்சும் இருக்கறீங்களா?"

"இல்லைன்னு சொல்லிட்டேனே அம்மிணி," என்றார். குரல் உடைந்திருந்தது. ஆனால் சொன்னார்.

கைப்பிடியை மேலே தள்ளினேன். விசிறிகள் வேகம் குறைந்து நின்று, எதிர்ப்பக்கம் சுழன்று வேகம் பிடிக்கப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். அதற்குள் பதிவுப் போனில் ஒரே ஒரு சொல் வந்தாலும் நிறுத்தியாக வேண்டும் என்பதும் விதிதான். அந்த விதியை எழுதியவரே அவர் என்பதால் அவருக்கும் அது தெரியும். அந்தச் சொல் வரட்டும் என்று நான் ஒரு தரம்கூட நினைக்கவில்லை என்றால் அது பொய். வரக்கூடாது என்று எத்தனை தரம் நினைத்தேன் என்பதையும் சொல்லப்போவதில்லை.

பன்னிரண்டு நிமிடமும் அந்தச் சொல் வரவில்லை. அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.